பள்ளி ஆசிரியர் உருவாக்கிய அணி
(மர்ஹூம் சையத் அப்துல் ரஹீம் அவர்களின் வாழ்க்கைச் சுருக்கம்)



அஸருக்குப் பின் நம் ஊர்ப் பிள்ளைகள் பந்தும் கையுமாகத் திடலை நோக்கி ஓடுவதைக் காணும் பெற்றோர்களில் பலர், இதனால் பிள்ளைக்கு என்ன பயன் என்று நம்மிடம் கேட்பதுண்டு. படிப்பு கெடும், பொழுது வீணாகும், கூடா நட்பு சேரும் என்பவை அவர்களது கவலைகள். இக்கவலைகளில் நியாயம் இல்லை என்று நாம் கூற மாட்டோம். ஆனால் விளையாட்டு எவருடைய மேற்பார்வையில் நடைபெறுகிறது, எந்த ஒழுங்கில் நடைபெறுகிறது என்பதைப் பொறுத்தே அதன் பயன் அமைகிறது. இதற்குத் தக்க சான்றாக விளங்குபவர், இந்தியக் கால்பந்து அணியை ஆசியாவின் உச்சிக்கு இருமுறை கொண்டு சென்ற ஹைதராபாத் பள்ளி ஆசிரியர் சையத் அப்துல் ரஹீம் அவர்கள். ரஹீம் சாஹிப் என்று ஆட்டக்காரர்கள் மரியாதையுடன் அழைத்த அப்பெருமகனாரின் வரலாற்றை நம் ஜமாஅத்தின் பெற்றோரும் இளைஞர்களும் அறிந்து கொள்ளல் வேண்டும் என்ற நோக்கில் இவ்வாண்டு மலரில் சுருக்கமாகத் தருகின்றோம்.

பிறப்பும் கல்வியும்

ரஹீம் அவர்கள் 1909ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17ஆம் நாள் ஹைதராபாத்தில் பிறந்தார்கள். அந்நகரம் அப்போது நிஜாம் மன்னரின் ஆட்சியில் இருந்தது. உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பயின்று பட்டம் பெற்ற அவர்கள், ஆசிரியப் பணியையே தம் வாழ்க்கைப் பணியாக ஏற்றார்கள். காச்சிகுடா நடுநிலைப் பள்ளி, உர்தூ ஷரீஃப் பள்ளி, தாருல் உலூம் உயர்நிலைப் பள்ளி, சாதர்காட் உயர்நிலைப் பள்ளி ஆகியவற்றில் அவர்கள் பணியாற்றினார்கள். இடையில் உடற்கல்வியில் பட்டயம் பெற்று, பள்ளிகளில் விளையாட்டுத் துறையின் பொறுப்பையும் ஏற்றுக் கொண்டார்கள்.

இளமையில் அவர்கள் சிறந்த கால்பந்து ஆட்டக்காரராகவும் விளங்கினார்கள். பல்கலைக்கழக அணியிலும், சிட்டி கல்லூரியின் மாணவர்களும் முன்னாள் மாணவர்களும் சேர்ந்து அமைத்த லெவன் ஹண்டர்ஸ் என்னும் அணியிலும், பின்னர் உள்ளூர்ப் போட்டிகளில் பெயர் பெற்றிருந்த கமர் கிளப்பிலும் ஆடினார்கள். எனினும் இந்திய அணியின் உடையணிந்து களமிறங்கும் வாய்ப்பு அவர்களுக்குக் கிட்டவில்லை. தமக்குக் கிடைக்காத அந்தப் பெருமையைப் பிறர் பிள்ளைகள் பலர் அடையும்படிச் செய்ததே அவர்களது பிற்கால வாழ்வாயிற்று.

ஹைதராபாத் போலீஸ் அணி

1943ஆம் ஆண்டில் ஹைதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளர் பொறுப்பை ஏற்ற ரஹீம் அவர்கள், தம் இறுதிக் காலம் வரை அப்பொறுப்பில் இருந்தார்கள். ஹைதராபாத் நகரப் போலீஸ் அணிக்கும் அவர்களே பயிற்சியாளர் ஆனார்கள்.

அக்காலச் சூழலை இங்கு நினைவில் கொள்ளல் வேண்டும். 1948 செப்டம்பரில் ஹைதராபாத் சமஸ்தானம் இந்தியாவுடன் இணைக்கப்பட்டது. பழைய ஆட்சி முடிந்து புதிய ஆட்சி வந்த அக்காலத்தில் அந்நகர மக்கள் பல இன்னல்களையும் ஐயங்களையும் கடந்து கொண்டிருந்தனர். அதற்கு இரண்டே ஆண்டுகள் கழித்து, 1950ஆம் ஆண்டில், அந்நகரின் போலீஸ் அணி பம்பாயில் நடைபெற்ற ரோவர்ஸ் கோப்பையையும், இந்தியாவின் மிகப் பழைய கால்பந்துப் போட்டியான டூராண்ட் கோப்பையையும் ஒருசேர வென்றது. கல்கத்தாவின் பெரிய கிளப்புகளே இந்தியக் கால்பந்தின் முழு உரிமையாளர்கள் என்றிருந்த எண்ணம் அன்று மாறியது.

ரோவர்ஸ் கோப்பையை 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் ஹைதராபாத் போலீஸ் அணியே கைப்பற்றியது. டூராண்ட் கோப்பையை 1954இலும் 1957இலும், ஆந்திரப் போலீஸ் என்று பெயர் மாறிய பின் 1961இலும் மீண்டும் வென்றது. மாநிலங்களுக்கிடையேயான சந்தோஷ் கோப்பையை ஹைதராபாத் அணி 1956, 1957 ஆகிய இரு பருவங்களிலும் பெற்றது. அஜீஸுத்தீன், நூர் முஹம்மது முதலிய பல ஆட்டக்காரர்கள் இந்த மண்ணிலிருந்தே இந்திய அணிக்குச் சென்றனர்.

கற்பித்த முறை

இவ்வெற்றிகளுக்குக் காரணமான பயிற்சி முறையை நாம் சற்று விரிவாகவே காண்போம். ஏனெனில் பெற்றோரும் ஆசிரியரும் எடுத்துக் கொள்ள வேண்டிய பாடம் இதில்தான் இருக்கிறது.

அக்கால இந்திய ஆட்டக்காரர்களிடம் திறமை நிறைந்திருந்தது. ஆனால் பந்து காலில் கிடைத்துவிட்டால் அதை விட மனம் வராது. எதிரணியினர் இருவரை, மூவரைத் தனியொருவராக ஏமாற்றிச் செல்வதில் பெருமை கண்டனர். கூட்டமும் அதற்கே கை தட்டியது. இதனால் ஒருவருக்குப் புகழ் கிடைத்தது, அணிக்குக் கோல் கிடைக்கவில்லை. இப்பழக்கத்தை அறிவுரையால் மட்டும் நீக்க முடியாது என்பதை ஆசிரியரான ரஹீம் அவர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். எனவே பந்தைக் காலில் வைத்துக் கொண்டு ஏமாற்றி ஓடுவதைத் தடை செய்யும் விதியுடன் தனிப் போட்டிகளையே நடத்தினார்கள். பந்து வந்தவுடன் தோழருக்குக் கொடுத்தாக வேண்டும். தோழர் எங்கே நிற்கிறார் என்பதைப் பந்து வருவதற்கு முன்பே பார்த்து வைத்திருக்க வேண்டும். இவ்விதிக்கு உட்பட்டு ஆடிய இளைஞர்களிடம் பிறரைக் கவனிக்கும் பழக்கம் தானாகவே வளர்ந்தது.

இதுபோன்றே, வலது கால் பழக்கம் உள்ளவர்கள் இடது காலால் மட்டும் ஆட வேண்டும் என்ற விதியுடனும் போட்டிகள் வைத்தார்கள். பலவீனமான கால் மறைந்து கொள்ள இடமில்லாமற் போயிற்று. நல்ல ஆசிரியர் மாணவனுக்கு வராத பாடத்தை எளிய கணக்குகளாகப் பிரித்துப் பழக்குவதைப் போன்றதே இம்முறை. திட்டுவதும் தண்டிப்பதும் இன்றி, விதியை மாற்றியமைத்து மாணவனைத் தானே கற்கும்படி அவர்கள் செய்தார்கள்.

ஆட்டக்காரர்களைக் களத்தில் நிறுத்தும் முறையிலும் அவர்கள் உலகப் போக்கைக் கூர்ந்து கவனித்து வந்தார்கள். தற்காப்பில் நால்வர், நடுவில் இருவர், முன்னே நால்வர் என்ற 4-2-4 அமைப்பு 1958 உலகக் கோப்பையைப் பிரேசில் வென்றபோது உலகப் புகழ் பெற்றது. அதற்கு முன்பே அதனை ஒத்த அமைப்பில் ரஹீம் அவர்கள் இந்திய அணியை ஆடவைத்து வந்தார்கள் என்று கால்பந்து வரலாற்றை ஆராய்ந்தோர் எடுத்துரைக்கின்றனர்.

வறிய வீட்டுப் பிள்ளைகளைத் தேடிக் கண்டெடுப்பதும் அவர்களது வழக்கமாக இருந்தது. செகந்திராபாத்தை அடுத்த அம்முகுடாவில் வறுமையான குடும்பத்தில் வளர்ந்தவர் துளசிதாஸ் பலராம். போலீசாரின் பழைய காலணித் தோலைக் கொண்டு செருப்புத் தைப்பவர் செய்து கொடுத்ததே அவருடைய முதல் பூட்ஸ் எனக் கூறப்படுகிறது. ஹைதராபாத் அணியின் பயிற்சிக்கு வருமாறு ரஹீம் அவர்கள் அழைத்தபோது, நாள்தோறும் வந்து போகப் பணம் இல்லை என்று அவ்விளைஞர் தயங்கினார். அவருக்கு மிதிவண்டி கிடைக்க ரஹீம் அவர்கள் ஏற்பாடு செய்தார்கள். அந்தப் பலராம் பின்னர் இரண்டு ஒலிம்பிக் போட்டிகளில் இந்தியாவுக்காக ஆடி, நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவராக மதிக்கப்பட்டு, 2023ஆம் ஆண்டு மறைந்தார். ஒரு மிதிவண்டிக்குரிய செலவு ஒரு மனிதரின் வாழ்வை எங்கே கொண்டு சேர்த்தது என்பதை, கல்வி உதவி கோரி நம் ஜமாஅத்தின் வாயிலில் வந்து நிற்கும் பிள்ளைகளை நினைத்து நாம் சிந்தித்தல் வேண்டும்.

வெற்றியும் தோல்வியும்

1951 மார்ச் மாதம் புதுதில்லியில் முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடைபெற்றன. ரஹீம் அவர்களின் பயிற்சியில், சைலேன் மன்னா தலைமையில் இறங்கிய இந்திய அணி, இந்தோனேசியாவையும் ஆப்கானிஸ்தானையும் தலா 3-0 என்ற கணக்கில் வென்றது. இறுதியாட்டத்தில் மேவாலால் அடித்த ஒரே கோலால் ஈரானை வென்று தங்கப் பதக்கம் பெற்றது. விடுதலை பெற்று நான்காண்டுகளே ஆகியிருந்த நாட்டிற்கு அது பெரும் மகிழ்ச்சியைத் தந்தது.

அடுத்த ஆண்டே பெரும் தோல்வி வந்தது. 1952ஆம் ஆண்டு பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் நடைபெற்ற ஒலிம்பிக்கில் இந்தியா யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்ற கணக்கில் தோற்றது. நம்மவர் பலர் வெறுங்காலுடன் ஆடினர். குளிர்ந்த, ஈரமான அந்த மண்ணில் பூட்ஸ் அணிந்த ஐரோப்பியரை அவர்களால் எதிர்கொள்ள இயலவில்லை. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியர் பெரும்பாலும் வெறுங்காலுடன் ஆடி பிரான்சிடம் 2-1 என்று மட்டுமே தோற்றதை உலகம் வியந்து பாராட்டியிருந்தது. அப்பாராட்டு நம்மை ஓரளவு மயக்கியும் விட்டிருந்தது. ஹெல்சிங்கித் தோல்வி அம்மயக்கத்தைத் தெளிவித்தது. அதன்பின் பூட்ஸ் அணிந்தே ஆட வேண்டும் என்று அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் விதி வகுத்தது. 1954இல் மணிலாவில் நடைபெற்ற ஆசியப் போட்டியிலும் இந்தியா முதற்சுற்றுடன் வெளியேறியது.

தோல்விக்குப் பின் மனிதர் இருவகையாகப் பிரிகின்றனர். சிலர் காரணங்களைக் கூறி அமைதி அடைகின்றனர். சிலர் காரணங்களைக் கண்டு திருத்தத் தொடங்குகின்றனர். ரஹீம் அவர்கள் இரண்டாம் வகையினர். நான்காண்டு உழைப்பின் பயன் 1956இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் தெரிந்தது.

அந்த ஒலிம்பிக்கில் முதற்சுற்றில் ஹங்கேரி விலகியதால் இந்தியா அடுத்த சுற்றுக்குச் சென்றது. டிசம்பர் 1ஆம் நாள் போட்டியை நடத்திய ஆஸ்திரேலியாவையே 4-2 என்று வென்றது. அவ்வாட்டத்தில் நெவில் டிசௌசா மூன்று கோல்கள் அடித்தார். ஒலிம்பிக் கால்பந்தில் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல்கள் அடித்த முதல் ஆசியர் அவரே. நான்காவது கோலை அடித்தவர் கிட்டு என்று அழைக்கப்பட்ட கிருஷ்ணசாமி. அரையிறுதியில் யூகோஸ்லாவியாவுக்கு எதிராக இந்தியாவே முதல் கோலை அடித்தது. எனினும் முடிவில் 4-1 என்று தோற்றது. மூன்றாம் இடத்திற்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 3-0 என்று தோற்று நான்காம் இடம் பெற்றது. ஒலிம்பிக் கால்பந்தின் அரையிறுதிக்குச் சென்ற முதல் ஆசிய நாடு இந்தியா என்பது குறிப்பிடத்தக்கது. நான்காண்டுகளுக்கு முன் பத்துக் கோல் வாங்கிய அணி, அதே யூகோஸ்லாவியாவுக்கு எதிராக முதல் கோலை அடிக்கும் நிலைக்கு உயர்ந்தது பயிற்சியின் பலனாகும்.

1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரியிடம் 2-1 என்று போராடித் தோற்ற இந்தியா, பிரான்சுடன் 1-1 என்று சமன் செய்தது. பெருவுக்கு எதிரான ஆட்டத்தில் 3-1 என்று தோற்றாலும், இந்தியாவின் அந்த ஒரு கோலைத் தமிழரான சைமன் சுந்தரராஜ் அடித்தார். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா அடித்த கடைசிக் கோல் அதுவே. அதன்பின் நம் நாடு ஒலிம்பிக் கால்பந்துக்குத் தகுதி பெறவில்லை. ரோம் சென்ற அணியில் ரஹீம் அவர்களின் புதல்வர் சையத் ஷாஹித் ஹகீமும் இடம் பெற்றிருந்தார். ஆனால் அவர் எந்த ஆட்டத்திலும் களமிறக்கப்படவில்லை. அணியின் தேவையே முதன்மை என்ற கொள்கையில் ரஹீம் அவர்கள் தம் மகனுக்கும் விலக்கு அளிக்கவில்லை என்பதை இது காட்டுகிறது. பொதுப் பொறுப்பில் இருப்போர் அனைவரும் இதனைக் கவனித்தல் நலம்.

ஜகார்த்தா, 1962

ரஹீம் அவர்களின் வாழ்வில் இறுதியானதும் உயர்ந்ததுமான வெற்றி 1962ஆம் ஆண்டு இந்தோனேசியத் தலைநகர் ஜகார்த்தாவில் கிட்டியது.

அந்த ஆசியப் போட்டிக்கு வர இஸ்ரேல், தைவான் ஆகிய நாடுகளின் அணிகளுக்கு இந்தோனேசிய அரசு விசா வழங்கவில்லை. ஆசிய விளையாட்டுக் கூட்டமைப்பின் பொறுப்பில் இருந்த இந்தியரான ஜி.டி. சோந்தி இதனைக் கண்டித்தார். அதனால் ஜகார்த்தா மக்களின் கோபம் இந்தியர் மீது திரும்பியது. இந்தியத் தூதரகம் தாக்கப்பட்டது. இந்திய வீரர்கள் செல்லுமிடமெல்லாம் எதிர்ப்புக் குரல் எழுந்தது.

களத்திலும் தொடக்கம் நன்றாக இல்லை. முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 2-0 என்று இந்தியா தோற்றது. பின்னர் தாய்லாந்தை 4-1 என்றும், ஜப்பானை 2-0 என்றும் வென்று அரையிறுதிக்கு வந்தது. இதற்கிடையே தற்காப்பின் தூணாக விளங்கிய ஜர்னைல் சிங்குக்குத் தலையில் காயம் ஏற்பட்டுத் தையல் போடப்பட்டது. அவரை ஓய்வில் வைப்பதற்கு மாறாக, ரஹீம் அவர்கள் முன்களத்தில் கோல் அடிக்கும் இடத்தில் நிறுத்தினார்கள். பலரும் வியந்த இம்முடிவு சரியானதென்று களத்தில் நிரூபணமாயிற்று. அரையிறுதியில் தென் வியட்நாமை 3-2 என்று வென்றபோது ஜர்னைல் சிங் ஒரு கோல் அடித்தார். பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக மனிதர்களைக் கூர்ந்து கவனித்து வந்த ஆசிரியருக்கே, எவருடைய ஆற்றல் எந்த இடத்தில் பயன்படும் என்ற தெளிவு வாய்க்கும்.

இறுதியாட்டம் செப்டம்பர் 4ஆம் நாள். எதிரணி மீண்டும் தென் கொரியா. முந்தைய இரவு ரஹீம் அவர்கள் ஆட்டக்காரர்களைத் திரட்டி, மறுநாள் தங்கப் பதக்கத்தைத் தமக்குப் பரிசாகத் தர வேண்டும் என்று உருக்கமாகக் கேட்டுக் கொண்டதாக அணியினர் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளனர். ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் கூடியிருந்த செனாயன் மைதானத்தில் பெரும்பாலோர் இந்தியாவுக்கு எதிராகவே குரல் எழுப்பினர். அந்த ஆரவாரத்திற்கு நடுவே இந்திய அணிக்கு ஊக்கமளித்துக் குரல் கொடுத்தவர்களில் பாகிஸ்தான் ஹாக்கி வீரர்களும் இருந்தனர் என்று நம் ஆட்டக்காரர்கள் கூறியுள்ளனர்.

ஆட்டத்தின் 17ஆம் நிமிடத்தில் பி.கே. பானர்ஜியும், 20ஆம் நிமிடத்தில் தலையில் கட்டுடன் ஆடிய ஜர்னைல் சிங்கும் கோல் அடித்தனர். காய்ச்சலிலிருந்து மீண்டு கோல் காத்த பீட்டர் தங்கராஜ், கொரியரின் தாக்குதல்களைத் தடுத்து நின்றார். நீலகிரி வெலிங்டனில் உள்ள மதராஸ் ரெஜிமென்ட் மையத்தின் அணியில் ஆடி உருவானவர் அவர். இறுதி நேரத்தில் கொரியா ஒரு கோல் அடித்தது. ஆட்டம் 2-1 என்று முடிந்து, இந்தியா மீண்டும் ஆசியாவின் தங்கத்தை வென்றது.

அவ்வணியின் தலைவர் சுனி கோஸ்வாமி வங்காளி. ஜர்னைல் சிங் பஞ்சாபைச் சேர்ந்த சீக்கியர். ஃபிராங்கோ கோவா வழியினரான கிறிஸ்தவர். சந்திரசேகர் கேரளத்தைச் சேர்ந்தவர். யூசுஃப் கான் ஹைதராபாத்தின் முஸ்லிம். மொழியாலும் சமயத்தாலும் வேறுபட்ட இவர்கள் அனைவரும் ஓர் ஆசிரியரின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு ஒரே அணியாக நின்றனர். அவரும் அவர்களில் எவருக்கும் வேற்றுமை காட்டவில்லை.

மறைவும் பின்விளைவும்

ஜகார்த்தாவிலிருந்து திரும்பிய ரஹீம் அவர்களைப் புற்றுநோய் படுக்கையில் தள்ளியது. சில மாதங்கள் நோயுடன் போராடிய அவர்கள், 1963ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள் தமது 53ஆம் வயதில் வஃபாத்தானார்கள். தங்கம் வென்ற ஓராண்டுக்குள் அப்பயிற்சியாளரை நாடு இழந்தது.

அவர்களது மறைவுக்குப் பின் நடந்தவற்றைச் சுருக்கமாகக் கூறுவோம். 1964ஆம் ஆண்டு ஆசியக் கோப்பையில் இந்தியா இரண்டாமிடம் பெற்றது. 1970இல் பாங்காக் ஆசியப் போட்டியில், ஹைதராபாத்தின் சையத் நயீமுத்தீன் தலைமையில் வெண்கலம் வென்றது. அதன்பின் ஆசியப் போட்டிகளின் கால்பந்தில் நமக்குப் பதக்கமே கிடைக்கவில்லை. ஹைதராபாத்தின் கால்பந்துப் பெருமையும் படிப்படியாகக் குன்றியது. பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சாரியா விருதை அரசு 1985இல் ஏற்படுத்தியபோது அவர்கள் மறைந்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. 2024ஆம் ஆண்டு அவர்களது வாழ்க்கை இந்தித் திரைப்படமாக வெளிவந்த பிறகே, நாட்டின் இளைய தலைமுறையினர் பலர் அப்பெயரை முதன்முறையாகக் கேள்விப்பட்டனர்.

ஒரு மனிதரின் உழைப்பு அவருடைய ஆயுளுடன் முடிந்துவிடுவதற்கு யார் பொறுப்பு என்று நாம் சிந்திக்க வேண்டும். ரஹீம் அவர்கள் தம் பங்கை நிறைவாகச் செய்தார்கள். இடது கால் போட்டியும், பந்தைத் தோழருக்குக் கொடுக்கும் போட்டியும் நடத்தப் பெரும் பணம் தேவையில்லை. ஒரு திடலும், ஒரு பந்தும், அக்கறையுள்ள ஓர் ஆசிரியரும் போதும். அம்முறையை நாட்டின் பள்ளிதோறும் தொடர்ந்து நடத்தியிருந்தால் அடுத்த ரஹீம்கள் பலர் தோன்றியிருப்பர். இருக்கும் வரை ஒருவர் மீது எல்லாச் சுமையையும் ஏற்றிவிட்டு, அவர் சென்றபின் வருந்துவது நம் சமூகத்தில் பல நிலைகளிலும் காணப்படும் பழக்கம். மத்ரஸாக்களும் பள்ளிகளும் சங்கங்களும் இதற்கு விலக்கல்ல. பொறுப்பில் உள்ள ஒவ்வொருவரும் தமக்குப் பின் அப்பணியைச் செய்யக்கூடிய இருவரையாவது பழக்கி வைத்தல் கடமையாகும்.

ஆகவே, கான்சாபுரம் ஜமாஅத்தின் பெற்றோருக்கு நாம் வைக்கும் வேண்டுகோள் இது: பிள்ளைகளைத் திடலிலிருந்து விரட்டாதீர்கள், திடலுக்கு ஓர் ஒழுங்கை ஏற்படுத்திக் கொடுங்கள். விளையாடும் நேரம், படிக்கும் நேரம், தொழும் நேரம் ஆகியவற்றை வரையறுத்துக் கொடுங்கள். நம்மூரில் பணி ஓய்வு பெற்ற ஆசிரியர்களும், கல்லூரிகளில் விளையாடிய இளைஞர்களும் இருக்கின்றனர். அவர்களில் ஒருவரேனும் வாரத்தில் இரண்டு மாலைப் பொழுதுகளை இப்பிள்ளைகளுக்கு ஒதுக்கினால் அது நல்ல தொடக்கமாகும். பந்தைத் தோழருக்குக் கொடுக்கக் கற்றுக் கொண்ட பிள்ளை, நாளை பொருளையும் பொறுப்பையும் பிறருடன் பகிர்ந்து கொள்ளத் தயங்க மாட்டான்.

ரஹீம் சாஹிப் அவர்களின் நற்பணிகளை அல்லாஹ் ஏற்றுக் கொள்வானாக.